அண்ணி மாற்றிய பெயர்

அண்ணி வேலை பார்க்கும் அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் எழுதிய கணினி புரோகிராமுக்குள் ஒரு மதிப்புக்கோ கணக்குக்கோ வைத்திருக்கும் பெயர் இன்னொருவருக்குத் தேவைப்பட்டால், எழுந்து அவருடைய மேசைக்குப் போய்க் கேட்க வேண்டும். எதற்காக என்று சொல்ல வேண்டும். அவர் சரி என்றால் அந்தப் பெயரை மற்றவர்களும் பயன்படுத்த வெளியே விடுவார். முடியாது என்றால் முடியாதுதான். திரும்பி வந்து வேறு வழி பார்க்க வேண்டும். இது சுவரில் எழுதி ஒட்டிய விதி அல்ல. சேர்ந்த புதிதில் அண்ணி தன்பாட்டுக்கு அப்படிச் செய்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் கொஞ்சம் கூச்சப்பட்டுச் செய்தார்கள். பிறகு அது வழக்கமாகிவிட்டது.

அலுவலகம் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் இருந்தது. ஐந்தாறு பேர் உட்காரும் ஒரே அறை. கீழே பல்லைக் குடையும் சத்தம் கேட்டால், மேலே தட்டச்சுவது தானாகவே ஒரு நொடி நிற்கும். அவர்களுக்கு ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளர், நகரத்தின் பேருந்துக் கம்பெனி. எந்த ஓட்டுநர் எந்த நாள் எந்த வண்டியை எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்று பட்டியல் போட்டுக் கொடுப்பது அவர்கள் எழுதிய புரோகிராம். அதை லிஸ்ப் என்ற கணினி மொழியில் எழுதியிருந்தார்கள். முதலாளிக்குக் கல்லூரி நாட்களில் அந்த மொழியின்மேல் வந்த காதல், கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும் தீரவில்லை.

நான் பல வருடங்கள் வெளியே சுற்றிவிட்டுத் திரும்பியபோது தங்குவதற்கு அண்ணன் வீட்டைத் தவிர வேறு இடமில்லை. இரண்டு அறை வீடு. முன்னறைச் சோபா எனக்கு. "ஊர்சுத்தி வந்தாச்சு, உன்னால செருப்புக்கடைக்காரன் பொழைச்சான்" என்று அண்ணன் வரவேற்றான். அவன் பேருந்து ஓட்டுநர். அதே கம்பெனிதான். அண்ணி கல்யாணத்துக்கு முன் தினமும் வேலைக்குப் போன வண்டியை ஓட்டியவன் அவன். கம்ப்யூட்டர் படித்தவள் டிரைவரைக் கட்டிக்கொள்வதா என்று அவள் வீட்டில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள். அண்ணன் அதற்கெல்லாம் அசரவில்லை. அவள் எழுதுகிறாள், நான் ஓட்டுகிறேன், இரண்டும் ஒரே பட்டியல்தான் என்று சிரித்துக்கொண்டே சொல்வான். சொல்லும்போது அவன் குரலில் இருந்த பெருமையை நான் வேறு எதைப் பற்றிப் பேசும்போதும் கேட்டதில்லை.

அண்ணி நான்கு அக்காமாருக்குப் பின் பிறந்தவள். சட்டை, சீப்பு, போர்வை எதுவும் அவளுடையது மட்டுமாக இருந்ததில்லை. அவள் மேசை இழுப்பறையை யாரும் திறக்கலாம், அதில் இருப்பதை யாரும் எடுக்கலாம், எடுத்ததைத் திரும்ப வேறு இடத்தில் வைக்கலாம். 'உங்கிட்ட அப்படி என்னடி ரகசியம்' என்பதுதான் அவள் வீட்டில் அதிகம் கேட்ட வாக்கியமாம். படிக்கும்போது முதன்முதலாகப் பேக்கேஜ் என்ற விஷயத்தைச் சொல்லிக்கொடுத்த அன்று, தனக்கு ஏதோ மூச்சு வந்தமாதிரி இருந்தது என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். துணி மடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். எனக்குத்தான் மறக்கவில்லை.

எனக்கு அவள் விளக்கியது இப்படித்தான். ஒரு புரோகிராமில் ஆயிரக்கணக்கான பெயர்கள். நீயும் 'வரம்பு' என்று ஒரு பெயர் வைப்பாய், நானும் 'வரம்பு' என்று வைப்பேன். இரண்டும் மோதாமல் இருக்க உன் பெயர்கள் உன் வீட்டில், என் பெயர்கள் என் வீட்டில். அந்த வீடுதான் பேக்கேஜ். வீட்டுக்காரர் எந்தப் பெயர்களை வெளியே விடுகிறாரோ அவற்றை மட்டும் மற்றவர்கள் பயன்படுத்தலாம். வீட்டின் பெயரை எழுதி, மேலும் கீழுமாக இரண்டு புள்ளி வைக்கும் கோலன் ஒன்று போட்டு, உள்ளே இருப்பவரின் பெயரை எழுதினால் அது வாசலில் மணி அடிப்பது. வெளியே விடாத பெயராக இருந்தால் மெஷின் கத்தும். ஆனால் இரண்டு கோலன் போட்டால் மணியும் கிடையாது, கத்தலும் கிடையாது. சுவர் ஏறிக் குதித்து உள்ளே போய்விடலாம். மொழியைச் செய்தவர்கள் அதற்கும் இடம் வைத்திருக்கிறார்கள்.

நான் கேட்டேன், உள்ளே அப்படி ஒரு பெயரே இல்லாவிட்டால்?

அண்ணி சிரித்தாள். "அதான் கூத்து. ஒத்தைக் கோலன்னா, அப்படி யாரும் இல்லைன்னு சொல்லிடும். ரெட்டைக் கோலன்னா, இல்லையா, சரி இந்தான்னு அங்கேயே ஒண்ணைப் பெத்து கையில குடுத்துடும்."

அவளுடைய பேக்கேஜுக்கு 'ஓய்வு' என்று பெயர். ஓட்டுநருக்கு இரண்டு வேலைகளுக்கு நடுவில் போதுமான ஓய்வு கிடைத்ததா என்று கணக்குப் பார்ப்பது அதன் வேலை. உள்ளே எத்தனையோ பெயர்கள் இருந்தும் அவள் வெளியே விட்டது மிகச் சில. மற்றவர்கள் அந்தச் சிலவற்றைத்தான் கூப்பிடுவார்கள். 'ஓய்வு போதும்' அல்லது 'ஓய்வு போதாது' என்று பதில் வரும். அந்தச் சொற்கள் அப்படியே பட்டியலில் ஓட்டுநரின் பெயருக்கு நேராக அச்சாகும்.

இங்கே ஓட்டுநர்களின் நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்களில் பலருக்கு வேலை இரண்டு துண்டாக வரும். விடியற்காலையிலிருந்து கூட்டம் குறையும்வரை ஒரு துண்டு. பிறகு இடைவெளி. பிற்பகல் கூட்டம் தொடங்கும்போது அடுத்த துண்டு. நகரத்துக்குள் இருக்கும் பணிமனைகளில் வேலை செய்பவர்கள் அந்த இடைவெளியில் வீட்டுக்குப் போய்ப் படுத்து எழுந்து வரலாம். நகரத்துக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் பணிமனையில் அது நடக்காது. வீட்டுக்குப் போய்த் திரும்பவே நேரம் சரியாகிவிடும். அங்கே ஒரு தகரக் கொட்டகையும் ஓடாத மின்விசிறியும் கட்டைப் பெஞ்சுகளும்தான் உண்டு. அதனால் அந்தப் பணிமனைக்கு இடைவெளி ஐந்து மணிநேரமாவது இருந்தால்தான் ஓய்வாகக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று ஓட்டுநர்கள் போராடி வாங்கியிருந்தார்கள். மற்றப் பணிமனைகளுக்கு மூன்று மணிநேரம் போதும். அண்ணன் வேலை பார்த்தது வெளிப் பணிமனையில்.

இந்த ஐந்தும் மூன்றும்தான் கதை.

எந்தப் பணிமனைக்கு எந்த வரம்பு என்ற விவரம் அண்ணியின் பேக்கேஜுக்குள் இல்லை. அதெல்லாம் இன்னொருவரின் பொறுப்பு. அலுவலகத்தில் அவரைப் புயல் என்று கூப்பிடுவார்கள். மற்றவர்கள் ஒரு வாரம் யோசிப்பதை அவர் மத்தியானத்துக்குள் எழுதி முடித்துவிட்டு டீ குடிக்கப் போவார். கெட்ட மனிதர் இல்லை. அண்ணியைவிடக் கொஞ்சம் இளையவர், அக்கா அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஆனால் மேசைக்குப் போய்க் கேட்கும் வழக்கத்தை அவர் முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை. வீடு தேடிப் போய் வெற்றிலை வைத்து அழைக்க இது என்ன கல்யாணமா என்று கேட்பாராம்.

ஒருநாள் அண்ணன் கண் சிவந்து வந்தான். விடுப்பில் போன இன்னொருவருக்குப் பதிலாக அவனை மாற்றிப் போட்டிருந்தார்கள். சாப்பிடும்போதே தட்டின்மேல் தலை கவிழ்ந்தது. அண்ணி தட்டை நகர்த்தி, அவன் தலைக்குக் கீழே ஒரு துண்டை மடித்து வைத்துவிட்டு, அவன் சட்டைப்பையிலிருந்த பட்டியலை எடுத்துப் பார்த்தாள். இடைவெளி நாலு மணிநேரம்கூட இல்லை. அவன் பெயருக்கு நேராக 'ஓய்வு போதும்' என்று இருந்தது.

மறுநாள் அலுவலகத்தில் அவள் அதைத் தோண்டினாள். புயல் அவளுடைய பேக்கேஜுக்குள் ரெட்டைக் கோலன் போட்டுப் புகுந்து, 'குறைந்த-இடைவெளி' என்ற உள்பெயரின் மதிப்பை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அதில் ஐந்தைப் போட்டிருந்தார். வெளிப் பணிமனையின் பட்டியல் முடிந்ததும் பழைய மூன்றைத் திரும்ப வைத்துவிடுவார். வழக்கமான பட்டியல் ஒழுங்காகத்தான் வந்தது. ஆனால் விடுப்புக்குப் பதிலாள் போடும் கணக்கு கடைசியில்தான் ஓடும். அதற்குள் மூன்று திரும்பி வந்திருக்கும்.

அவள் எழுந்து அவர் மேசைக்குப் போனாள். அந்தப் பேச்சை அவள் எனக்குப் பல முறை சொல்லியிருக்கிறாள், ஒரு வார்த்தை மாறாமல்.

"அக்கா, சும்மா ஒரு எட்டு உள்ளே போயிட்டு வந்தேன். எதையும் எடுக்கலை."

"எடுக்கலைதான். மாத்தி வச்சிட்டு வந்திருக்கே."

"திரும்ப வச்சிட்டேன்ல?"

"யாரைக் கேட்டு வச்சே? வேலை முடியறதுக்குள்ளே வச்சிருக்கே. எங்க வீட்டுக்காரர் தட்டுல தலையை வச்சுத் தூங்கறாரு."

அவர் முகம் சுண்டிப்போனது. பார்க்கிறேன் என்றார். பார்க்க வேண்டாம், பணிமனையைச் சொல்லி அதன் வரம்பை வைக்க நான் ஒரு பெயரை ஒழுங்காக வெளியே விடுகிறேன், அதன் வழியாக வா, உள்ளே வராதே என்றாள் அண்ணி. அவர் தலையாட்டினார். முதலாளியிடமும் அவள் போனாள். ஓடுவதை ஏன் நோண்டுகிறீர்கள், கம்பெனிக்குப் புதுப் பதிப்பு அனுப்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் சொல்லிவிட்டார். மூவருக்கும் அதோடு பேச்சு முடிந்தது.

அடுத்து வந்த நாட்களில் அண்ணி வீட்டில் சரியாகப் பேசவில்லை. அண்ணன் ஏதாவது கேட்டால் ம் என்பாள். புயல் தன் பேச்சை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அவர் அவள் பக்கமே வரவில்லை. வார இறுதியில் அவளுடைய பெரியக்காவுக்கு அறுவை சிகிச்சை. அண்ணி வெளியூர் போக வேண்டும். கிளம்புகிற நாள் காலையில் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள்.

தன் பேக்கேஜுக்குள் 'குறைந்த-இடைவெளி' என்ற பெயரையே எடுத்துவிட்டாள். அதற்குப் பதில் வேறு பெயர் வைத்தாள். பணிமனையைச் சொல்லி வரம்பை வைக்கும் வழியை ஒழுங்காக வெளியே விட்டாள். யாரும் அந்த வழியாக வந்து வரம்பைச் சொல்லாவிட்டால் எல்லாப் பணிமனைக்கும் மூன்று. இனிப் புயலின் புரோகிராம் சுவர் ஏறிக் குதித்தால் கீழே தரை இருக்காது. பழைய மதிப்பை எடுத்து ஓரமாக வைக்கப் பார்க்கும், அப்படி ஒரு மதிப்பு இல்லாததால் மெஷின் கத்தி நின்றுவிடும். பட்டியலே வெளிவராது. அவர் அவள் மேசைக்கு வந்தே ஆக வேண்டும்.

அவள் யோசிக்காமல் செய்துவிடவில்லை. தன் கணினியில் இருந்த புயலின் புரோகிராமை ஓட்டிப் பார்த்தாள். நினைத்தபடியே கத்தி நின்றது. பிறகுதான் தன் மாற்றத்தை எல்லோருக்கும் பொதுவான இடத்தில் சேர்த்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். புயலிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் அப்போது மேசையில் இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன் என்று பிறகு சொன்னாள்.

அவளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அவள் திட்டிய திட்டு புயலுக்கு உறைத்திருந்தது. மூன்றைத் திரும்ப வைப்பதால்தானே சிக்கல் என்று அவர் அதைச் சரிசெய்துவிட்டார். பழைய மதிப்பை எடுத்து வைப்பதும் இல்லை, திரும்ப வைப்பதும் இல்லை. ஒவ்வொரு பணிமனையின் கணக்கைத் தொடங்கும் முன்பும், பதிலாள் கணக்கு உட்பட, அந்தப் பணிமனைக்கான வரம்பை நேராக 'குறைந்த-இடைவெளி'யில் எழுதிவிடுவது. அதே ரெட்டைக் கோலன்தான், ஆனால் கணக்கு சரி. அதை அன்று மத்தியானம் பொதுவான இடத்தில் சேர்த்தார். சொல்லலாம் என்று அண்ணியின் மேசைக்குப் போயிருக்கிறார். நாற்காலி காலியாக இருந்தது.

அந்தப் புதுப் புரோகிராம் எதையும் எடுத்துப் பார்க்கவில்லை, எழுத மட்டும் செய்தது. 'ஓய்வு' வீட்டுக்குள் குதித்து 'குறைந்த-இடைவெளி' எங்கே என்று கேட்டது. அப்படி யாரும் இல்லை. ரெட்டைக் கோலன் அல்லவா, மெஷின் சத்தமில்லாமல் அந்தப் பெயரில் புதிதாக ஒன்றை உண்டாக்கிக் கொடுத்தது. புயலின் புரோகிராம் அதன் கையில் ஐந்தைக் கொடுத்துவிட்டுத் திருப்தியாக வெளியே வந்தது. அண்ணியின் கணக்குக்கு அந்தப் புதிய ஆளைத் தெரியாது. அது தன் புதுப் பெயரில் இருந்த மூன்றைப் பார்த்துக் கணக்குப் போட்டது. எச்சரிக்கையாக ஒரு வரி திரையில் ஓடியிருக்கும். அதுபோல நூறு வரி தினமும் ஓடும். யாரும் படிப்பதில்லை.

அண்ணி அந்தப் பெயரைத் தொடாமல் இருந்திருந்தால் புயல் செய்த மாற்றமே போதுமாக இருந்திருக்கும். புயல் மாற்றாமல் இருந்திருந்தால் அண்ணி நினைத்தபடி மெஷின் கத்தியிருக்கும்.

திங்கட்கிழமை புதுப் பட்டியல் வந்தது. வெளிப் பணிமனையில் எல்லோருக்கும் இடைவெளி சுருங்கிவிட்டது, பதிலாள் நாளில் மட்டுமல்ல, ஒவ்வொரு நாளும். அண்ணனும் நானும் மட்டும்தான் வீட்டில். அவன் இருட்டில் போய் இருட்டிய பிறகு வந்தான். செவ்வாய்க்கிழமை சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிட்டான். உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டேன் என்றான். பணிமனையில் எல்லோரும் முணுமுணுக்கிறார்கள், இந்த வாரப் பட்டியல் ஏதோ தப்பு என்கிறார்கள் என்றும் சொன்னான். நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"என்ன சொல்றது? எங்க வீட்டுக்காரி எழுதினது, அதுல தப்பு வராதுன்னேன். வயசாயிடுச்சு உங்களுக்கெல்லாம், போய்ப் படுங்கடான்னேன்."

சிரித்தான். வாய் கொட்டாவியாக மாறி, சிரிப்பு பாதியில் நின்றது.

எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேருந்துகளில் நான் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கியிருக்கிறேன். மலைச் சாலைகளில், மழையில், பாஷை புரியாத ஓட்டுநர்களின் முதுகுக்குப் பின்னால். முன்னால் இருப்பவன் விழித்திருப்பானா என்று ஒருநாள்கூட யோசித்துப் பார்த்ததில்லை. யோசிக்காததால்தான் தூங்க முடிந்தது.

புதன்கிழமை பிற்பகல், இரண்டாம் துண்டின் முதல் சுற்றில், அண்ணனின் வண்டி ஒரு வளைவில் திரும்பாமல் நேரே போனது. நடைபாதையில் ஏறி, நிறுத்தத்தின் கூரைக் கம்பத்தை வளைத்துக்கொண்டு நின்றது. வண்டிக்குள் இருந்தவர்களுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. நிறுத்தத்தில் நின்றிருந்தவர் ஒரு தையல்காரர். துணிப்பையைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பி வரவில்லை.

அண்ணி அன்று மாலையே வந்து சேர்ந்தாள். போலீஸ் ஸ்டேஷனில் அண்ணனைப் பார்த்தாள், பட்டியலை வாங்கிப் பார்த்தாள், அங்கிருந்து நேரே அலுவலகம் போனாள். தனியாக விட மனமில்லாமல் நானும் போனேன். புயலும் முதலாளியும் அங்கேயே இருந்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, 'ஓய்வு' பேக்கேஜுக்குள் இருக்கும் பெயர்கள் அனைத்தையும் காட்டும்படி மெஷினிடம் கேட்டாள். திரையில் பெயர்கள் ஓடின. நிறுத்தினாள். விரலை வைத்தாள்.

அவள் எடுத்துப்போட்ட பெயர் அங்கே இருந்தது. கேட்டால் ஐந்து என்று பதில் சொன்னது.

"நான் சரி பண்ணிட்டேன்கா," என்றார் புயல் பின்னாலிருந்து. "நீங்க கிளம்பின அன்னிக்கே. சொல்லத்தான் வந்தேன்."

"நானும்தான் சரி பண்ணினேன்," என்றாள் அண்ணி.

 கீழே பல் மருத்துவர் கிளினிக்கை மூடும் ஷட்டர் சத்தம் கேட்டது.

போக்குவரத்துத் துறையின் விசாரணை நடக்கும்வரை அண்ணிக்கு இருந்தது ஒரே ஒரு நினைப்பு. அண்ணனின் உரிமம் போகக்கூடாது. அவனுக்கு வேறு வேலை தெரியாது, வேறு வேலையில் விருப்பமும் கிடையாது. தவறு பட்டியலில், பட்டியலின் தவறு தன்னுடையது. அதை மட்டும் புரியவைத்துவிட்டால் அவனை விட்டுவிடுவார்கள் என்று நம்பினாள். புரியவைப்பது கடினம் என்பதுதான் அவள் பயம். கோலனையும் பேக்கேஜையும் சாதாரண மனிதர்களுக்கு எப்படிச் சொல்வது என்று என்னை எதிரில் உட்காரவைத்துச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். எனக்குப் புரிந்தால் யாருக்கும் புரியும் என்றாள். அது கேலிதான், ஆனால் அவள் முகத்தில் கேலி இல்லை. அப்படிச் சொன்னால் அவள் வேலை போகும் என்று முதலாளி மறைமுகமாகச் சொல்லிப் பார்த்தார். போகட்டும் சார் என்றாள்.

விசாரணை அதிகாரி நிதானமானவர். அண்ணி சொன்னதை முழுதாகக் கேட்டார். சரியான இடங்களில் சரியான கேள்விகளையும் கேட்டார். உள்ளே இல்லாத பெயரைக் கேட்டால் மெஷின் மறுக்காதா என்று அவரே கேட்டபோது அண்ணியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. பட்டியல் தவறு, பொறுப்பு மென்பொருள் நிறுவனத்துடையது என்று குறித்துக்கொண்டார். பிறகு நாற்காலியை அண்ணன் பக்கம் திருப்பினார்.

"தூக்கம் வந்தா வண்டி எடுக்க மாட்டேன்னு சொல்ற உரிமை உங்களுக்கு இருக்கில்ல? அன்னிக்கு உங்களுக்குத் தூக்கம் வந்ததா இல்லையா?"

"வந்துச்சுங்க."

"அப்புறம் ஏன் சொல்லலை?"



"பட்டியல்ல போதும்னு இருந்துச்சுங்க. நான்தான் சோம்பல்படறேன்னு நினைச்சுக்கிட்டேன்."

அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் தயாராகிப் போயிருந்த அத்தனை கேள்விகளிலும் இது இல்லை. அதிகாரி பரிதாபமாகத்தான் தலையசைத்தார். பட்டியல் தவறானது வேறு விஷயம், தூக்கம் தெரிந்தும் வண்டியை எடுத்தது வேறு விஷயம் என்றார். இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்க முடியும் என்றார். உரிமம் போயிற்று. திரும்பக் கேட்கவே முடியாதபடி போயிற்று.

வெளியே படிக்கட்டில் அண்ணி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். மற்ற ஓட்டுநர்கள் எல்லோரும் தப்பு என்று சொன்னார்களே, நீங்கள் மட்டும் ஏன் நம்பினீர்கள் என்று கேட்டாள். கேட்டது கோபம் போல இருந்தது. அண்ணன் அவளைப் புரியாமல் பார்த்தான்.

"நீ எழுதினது இல்லையா அது?" என்றான்.

அலுவலகத்தில் அவளை வேலையைவிட்டு அனுப்பவில்லை. முதலாளி ஒரே ஒரு மாற்றம் சொன்னார். இனி ஆளுக்கொரு பேக்கேஜ் வேண்டாம், எல்லாப் பெயர்களும் எல்லோருக்கும் தெரியட்டும், மறைத்து வைத்ததால்தானே இத்தனையும் என்றார். மறைத்ததால் இல்லை, கேட்காததால் என்று அண்ணி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பழைய அண்ணியாக இருந்தால் ஒரு வாரம் சண்டை போட்டிருப்பாள். தானே உட்கார்ந்து 'ஓய்வு' பேக்கேஜின் பெயர்களை ஒவ்வொன்றாக வெளியே விட்டாள்.

புயல் இப்போதெல்லாம் எதற்கும் அவள் மேசைக்கு வந்து நின்று கேட்கிறாராம். கேட்க வேண்டிய அவசியமே இல்லாததற்கும் கேட்கிறார். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்கிறாள் இவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அவர் போகாமல் இன்னும் கொஞ்ச நேரம் நிற்பாராம்.

தையல்காரரைப் பார்க்க அண்ணன் ஒருமுறை போனான். அவருடைய மனைவி வாசலிலேயே நிறுத்தி, அவர் தூங்குகிறார், இன்னொரு நாள் வாருங்கள் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டாள். இன்னொரு நாளும் அதையே சொன்னாள். அதற்குப் பிறகு அவன் போகவில்லை. வீட்டில் பகல் முழுதும் இருக்கிறான். பாத்திரம் கழுவுகிறான், துணி காயப்போடுகிறான். மத்தியானம் படுக்கையில் மல்லாந்து கிடக்கிறான். நான் எங்காவது கிளம்பிவிட வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். கிளம்பினால் பேருந்தில்தான் போக வேண்டும்.

நேற்று ஞாயிறு. அண்ணி வீட்டில் இருந்தாள். அவன் படுத்திருந்த அறைக்குள் போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவன் கண் திறந்தே இருந்தது. நெற்றியில் கை வைத்தாள்.

"தூக்கம் வருதா?"

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், யாரோ கணக்குக் கேட்டதுபோல.

"தெரியலைம்மா," என்றான். "வருதா, வரலையா, நீயே பார்த்துச் சொல்லு."

அவள் கையை எடுக்கவில்லை.